பேற்றுக்கு எங்கே போவது? திருக்கோவில் மச்சாளுக்கு எழுதியது

தம்பி கல்யாணம் முடித்துத் திருக்கோவிலுக்குப் போய்விட்டான். இலங்கையின் கிழக்கே, எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். அவன் மனைவிக்கு இது முதல் பிள்ளை, இப்போது ஐந்தாம் மாதம். போன கிழமை வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து நீண்ட குரல் பதிவொன்று வந்தது.

"மச்சாள், எங்க போற எண்டு ஒரே குழப்பமாக் கிடக்கு. அம்மா திருக்கோவில் ஆஸ்பத்திரியே போதும் எண்டு சொல்றா. இவரு கல்முனைக்குப் போவம் எண்டு சொல்றாரு. பெரியம்மா மட்டக்களப்புல பிரைவேட்ல காட்டு எண்டு ஒத்தக்கால்ல நிக்கா. நீங்க ரெண்டு பெத்தவங்க, நீங்க சொல்லுங்க."

ஆஸ்பத்திரிகளின் பெயர் வந்தது, எந்த வீஓஜி (மகப்பேற்று நிபுணர்) நல்லவர் என்ற கேள்வி வந்தது, ஸ்கேன் எங்கே எடுப்பது என்பதும் வந்தது. பேறு பார்க்கப் பயிற்சி பெற்ற மிட்வைஃப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் ஊர்களில் வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எல்லோரும் கதைப்பது இப்படித்தான். எனக்கோ அந்த நேரம் பக்கத்தில் நிற்பவர் யார், அதற்கு முன்னும் பின்னும் நம்மைத் தெரிந்து வைத்திருப்பவர் யார் என்பதுதான் முதல் கேள்வி. ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு வரட்டும். அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று.

எங்கள் பெத்தா (பாட்டி) காலத்தில் தெரிவு செய்ய எதுவும் இருக்கவில்லை. மண்டூரில் ஒரு மருத்துவிச்சி இருந்தார். நோவு கண்டதும் யாராவது ஓடிப்போய்க் கூட்டி வருவார்கள். அவரைப் பற்றிச் சொல்லும்போது பெத்தாவின் குரல் குழைந்துவிடும். இடுப்பைத் தடவிவிட்ட கையைச் சொல்வார். விடிய விடியப் பக்கத்திலேயே குந்தியிருந்ததைச் சொல்வார். பிள்ளை பிறந்த பிறகும் நாள் தவறாமல் வந்து தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிவிட்டுப் போவாராம். அதே பெத்தா, பிறந்து ஒரு கிழமை கழித்து பால் குடிக்க வாய் திறக்க முடியாமல், உடல் விறைத்து, வலிப்பு வந்து செத்துப்போன ஒரு ஆண் பிள்ளையைப் பற்றியும் சொல்வார். இன்றைக்கு அதைக் கேட்கிற எந்தத் தாதியும் ஏற்புவலி (டெட்டனஸ்) என்று சொல்லிவிடுவார். தொப்புள்கொடி வெட்டிய கருவியில் கிருமி இருந்திருக்கும். இப்போது நமக்குக் கிளினிக்கில் போடுகிற ஏற்பு ஊசி அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். ஆகவே அந்தக் காலத்து மருத்துவிச்சியை நினைத்து ஏங்கவும் என்னால் முடியவில்லை, அவரைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அவர் விடிய விடியக் கூட இருந்தார். அவர் கையில் சுத்தமான கத்தியும் இரத்தப்போக்கை நிறுத்துகிற ஊசியும் இருக்கவில்லை.

1930-களில் இலங்கையில் ஒரு இலட்சம் பேற்றுக்கு 2,000 அளவில் தாய்மார் செத்தார்கள். இன்று அது முப்பது, நாற்பது என்ற அளவில் நிற்கிறது. மலேரியாவை அடக்கியது, இலவச ஆஸ்பத்திரிகள், வீதிகள், பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்ந்துதான் இதைச் செய்தன. ஆனால் 1926-ல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற மிட்வைஃபை ஒரு பகுதிக்குப் பொறுப்பாக்கி வீடு வீடாக அனுப்பிய ஏற்பாடு இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. நான் பிறந்தது வீட்டில். 1991-ஆம் ஆண்டு, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையிலிருந்து இரவில் எங்கும் போக முடியாத காலம், பாலத்தடியில் சோதனைச்சாவடி. அம்மா அதை விரும்பிச் செய்யவில்லை. வழி அடைபட்டிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் நாட்டில் மிட்வைஃப்மார் இரண்டு இடத்தில் வேலை செய்கிறார்கள் என்பதை மச்சாளுக்கு முதலில் விளங்கப்படுத்தினேன். எம்ஓஎச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தைச் சேர்ந்த, நம்முடைய பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர். ஆஸ்பத்திரி லேபர் றூமில் கடமை செய்கிறவர் இன்னொருவர். ஒன்றரை வருடப் பயிற்சி எடுத்துத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் நம்மைப் பார்ப்பவர் முதலாமவர். பிள்ளையைக் கையில் ஏந்துகிறவர் இரண்டாமவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்விடலாம். எங்கள் முறையின் பலமும் ஓட்டையும் இதுதான்.

என் முதல் பிள்ளைக்கு 2019-ல் பதிந்தேன். எட்டுக் கிழமை ஆவதற்கு முன் பதியச் சொல்வார்கள். எங்கள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வந்தார். அவருக்கு எங்கள் வளவு புதிதல்ல. இங்கே பெண்கள் தாய் வீட்டிலேயோ பக்கத்து வளவிலேயோதான் இருப்பார்கள் என்பதால், ஒரு மிட்வைஃப் ஒரே குடும்பத்துப் பெண்களை வருடக்கணக்காகத் தெரிந்து வைத்திருப்பார். இது எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்குக் கிடைத்த ஒரு கொடை, இதை நாம் உணர்வதே இல்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று நான் வாய் திறப்பதற்கு முன்னமே அவர் கொப்பியில் எழுதிவிட்டார். "அம்மாக்கு இருக்கு, அப்ப உனக்கு முந்தியே சீனி பாக்கணும் புள்ள" என்றார். அம்மாவின் சீனி எந்த வருடம் கூடியது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. இந்த நினைவை எந்தப் பிரைவேட் ஆஸ்பத்திரியிலும் காசு கொடுத்து வாங்க ஏலாது.

பிறகு வழக்கமான கிளினிக். நிறை, பிரஷர், சலம், இரத்தம். இரும்புச்சத்துக் குளிசை, போலிக் அமிலம், கல்சியம், திரிபோஷா சத்துமா. அந்த வருடம்தான், தாயிலிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. எம்ஓஎச் கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்து கை நீட்டி இரத்தம் கொடுத்த பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

நோவு வந்தது இரவில். வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போகிற பாதை (மிதவைப் படகு) இரவில் ஓடாது, ஆகவே ஓட்டோவில் பழுகாமம், போரதீவு என்று சுற்றிப் பாலம் ஏறிக் கரையோர வீதிக்கு வந்தோம். வழி முழுக்க என் கணவருக்கு யானைப் பயம், எனக்கு வேறு பயம். போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம்.

லேபர் றூம் வாசலோடு இவரும் அம்மாவும் நின்றுவிட்டார்கள். உள்ளே வர அனுமதி இல்லை. கட்டிலுக்குக் கட்டில் திரை இல்லை. முதலில் இருந்த மிட்வைஃப் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் பல பேரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் என் பெயரைக் கேட்கவில்லை. கத்தினால் "ஏன் கத்துறாய், இன்னும் நேரம் கிடக்கு" என்பார். உள்சோதனை செய்யும்போது எதற்கு என்று சொல்ல மாட்டார். எனக்கு உடம்பு முழுக்க இறுகிப்போனது. நோவு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த நேரம் எனக்குப் பட்டது, நான் இந்த அறையில் தனியாகச் சாகப் போகிறேன் என்று.

பிறகு டியூட்டி மாறியது. வயதான ஒரு மிட்வைஃப் வந்தார். கொப்பியைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "முதல் புள்ளயா மகள்? மண்டூரா? அங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றில் கை வைத்து, நோவு வந்து போகும் வரை கையை எடுக்கவில்லை. இடது பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். பிறகு எழும்பி நிற்கச் சொன்னார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டச் சொன்னார். ஒவ்வொரு முறையும், இப்போது என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். அறை மாறவில்லை, கட்டில் மாறவில்லை, நோவு கூடிக்கொண்டுதான் போனது. எனக்குள் இருந்த பயம் மட்டும் இறங்கிப்போனது. என் மகளை ஏந்தியவர் அவர்தான். அவரது பெயரை நான் அறிவேன், இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவருக்கு ஒரு கோல் எடுப்பேன்.

இது எனக்கு வாய்த்த நல்விதி என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பிறகு வாசித்தபோதுதான் இது ஆராய்ந்து எழுதப்பட்ட விஷயம் என்று தெரிந்தது. பேற்று நேரம் முழுக்க ஒருவர் விடாமல் கூட இருந்தால் என்ன நடக்கும் என்று 15,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளை கொக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்திருக்கிறது. கூட ஆள் இருந்த பெண்களுக்குச் சாதாரணப் பேறு கூடுதலாக நடந்திருக்கிறது, சிசேரியன் குறைந்திருக்கிறது, நோவு நேரமும் சுருங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டல், ஒவ்வொரு தாய்க்கும் அவள் விரும்பிய ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்கிறது. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்து அவசரப்படுத்தவும் வேண்டாம் என்கிறது. ஐந்து சென்ரிமீற்றர் வரை சில பெண்களுக்கு மெதுவாகத்தான் போகும். "இன்னும் நேரம் கிடக்கு" என்று என்னிடம் சொன்னவர் சொன்னதும் பொய் இல்லை. அதை அவர் ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம்.

என் தங்கச்சி கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருக்கிறாள். அவள் கதையைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஒன்ராறியோவில் 1994-லிருந்து மிட்வைஃப்மார் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட தொழில்காரர்கள். செலவை மாகாண அரசாங்கமே ஏற்கும். டொக்டரின் துண்டு தேவையில்லை, வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் நேரே கூப்பிட்டுப் பதியலாம். டொக்டரிடம் போவதா மிட்வைஃபிடம் போவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மிட்வைஃப் என்று முடிவு செய்தால் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு பதிவிலிருந்து, பேறு, அதற்குப் பிறகு ஆறு கிழமை வரை நம்மைப் பார்க்கும். பிள்ளையை ஆஸ்பத்திரியில் பெறலாம், பேற்று நிலையம் இருக்கிற இடத்தில் அங்கே பெறலாம், சிக்கல் இல்லாவிட்டால் வீட்டிலும் பெறலாம். தங்கச்சி மூத்ததை ஆஸ்பத்திரியிலும் இளையதை வீட்டிலும் பெற்றாள். "இடம் மாறினாலும் ஆள் மாறல்ல அக்கா" என்று அவள் சொன்னது மனதில் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் ஒட்சிசன், இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, பிள்ளைக்கு மூச்சு வரவழைக்கிற கருவி, தையல் சாமான் எல்லாம் கொண்டு வந்தார்களாம். பிறக்கும் நேரம் பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒருவர் தாய்க்கு, ஒருவர் பிள்ளைக்கு. ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே தகவல் தெரியும்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு "அங்க போயும் வீட்டிலயா பெத்தவள்?" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அம்மாவின் பயத்தை நான் மதிக்கிறேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ 64,000 பெண்களை வைத்து 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சிக்கல் இல்லாத பெண்களுக்கு இரண்டாம் பிள்ளையிலிருந்து வீடு, மிட்வைஃப்மார் நடத்தும் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் பிள்ளைக்கு ஒரே அளவு பாதுகாப்பாக இருந்திருக்கின்றன. முதல் பிள்ளை என்றால் மிட்வைஃப் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம் இல்லை, ஆனால் வீட்டில் திட்டமிட்ட பேறுகளில் பிள்ளைக்குக் கடுமையான பாதிப்பு வருவது ஆயிரத்துக்கு ஒன்பது, ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு ஐந்து. வீட்டில் தொடங்கிய முதல் பேறுகளில் நூற்றுக்கு 45 பேர் இடையில் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். அது நல்ல வீதியும் ஆயத்தமாக நிற்கிற அம்புலன்ஸும் உள்ள நாடு. மாரி மழையில் வெல்லாவெளிப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணி பாய்கிற நாளில் நூறில் 45 பேரை எப்படிக் கொண்டு போவது? மச்சாளின் பெரிய மாமி ஒருவர் "அந்தக் காலத்தில வீட்டிலதானே" என்று சொல்கிறாராம். அதற்கு என் பதில் இதுதான். வீட்டுப் பேறு என்பது ஒரு முழு ஏற்பாடு. கருவிகளோடு வருகிற இரண்டு மிட்வைஃப்மார், திறந்திருக்கிற வீதி, காத்திருக்கிற தியேட்டர் (சத்திரசிகிச்சைக் கூடம்) எல்லாம் சேர்ந்தால்தான் அது. அந்த ஏற்பாடு இல்லாத எங்கள் ஊரில் வீட்டை நினைக்கவே வேண்டாம்.

என் இரண்டாம் பிள்ளைக் கதையையும் சொன்னால்தான் நான் ஏன் எம்ஓஎச் மிட்வைஃபை இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று விளங்கும். 2022, பெற்றோல் இல்லாத ஆடி மாதம். வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றது. கிளினிக்குக்குப் போக ஓட்டோ இல்லாமல் ஒரு முறை விட்டுவிட்டேன், பிறகு போவோம் என்று. காலில் வீக்கம் இருந்தது, மாசம் முற்றிய வயிற்றுக்கு அது சாதாரணம் என்று அம்மா சொன்னார். கிளினிக்குக்கு வராதவர்களின் பெயரைப் பார்த்துவிட்டு மிட்வைஃப் மிஸ் சைக்கிளில் வந்தார். ஸ்கூட்டருக்கு எண்ணெய் இல்லை. வேர்த்து ஒழுக வந்தவர் தண்ணிகூடக் குடிக்காமல் பிரஷர் பட்டியைக் கையில் கட்டினார். கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி மறுபடி கட்டினார். "தலையிடி இருக்கா? கண் மங்குதா?" என்று கேட்டார். தலையிடி இருந்தது. அவரே 1990-க்கு எடுத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டார், எம்ஓஎச்சுக்கும் சொன்னார், ஒரு துண்டும் எழுதித் தந்தார்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் வாட்டில் மறித்து வைத்தார்கள். பிரஷருக்குக் குளிசை, நாளாந்தம் இரத்தம், சலம், பிள்ளையின் துடிப்பு. 37 கிழமை ஆனதும் நோவு வர வைத்து மகனைப் பெற்றேன். அந்த முறை எனக்குத் தியேட்டரும், இரத்த வங்கியும், குழந்தை வைத்தியரும் பக்கத்தில் இருந்தது அவசியம், அதில் எந்தக் கேள்வியும் இல்லை. ஆனால் என்னை அங்கே கொண்டு போய்ச் சேர்த்தது வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரு பெண்ணின் சைக்கிள்.

ஆகவே மச்சாள், உங்களுக்குச் சொல்வது இதுதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உங்கள் பகுதி எம்ஓஎச் கிளினிக்கை விட்டுவிடாதீங்க. பிரைவேட்டில் காட்டுகிற பலர், அங்கேதான் ஸ்கேன் எல்லாம் எடுக்கிறோமே என்று கிளினிக்கை நிறுத்திவிடுகிறார்கள். பிரைவேட்டில் காட்டினாலும் காட்டுங்க, கொப்பி மிட்வைஃபிடம் நிரம்பட்டும். அவர் வீட்டுக்கு வரும்போது அவரிடமே கேளுங்க: நோவு வந்தால் எந்த ஆஸ்பத்திரியில் இந்த மாதம் இரவிலும் தியேட்டர் ஓடுகிறது, மயக்க மருந்து டொக்டர் இருக்கிறாரா, இரத்தம் இருக்கிறதா, பிள்ளைக்கு ஏதும் என்றால் வைத்துப் பார்க்கிற வாட்டு இருக்கிறதா. இடமாற்றம் வந்தால் இதெல்லாம் மாதத்துக்கு மாதம் மாறும். பெரியம்மாவுக்குத் தெரிவதைவிட மிட்வைஃபுக்கு இது நன்றாகத் தெரியும். திருக்கோவிலோ, அக்கரைப்பற்றோ, கல்முனையோ, இந்த நாலு கேள்விக்கும் ஆம் என்று பதில் வருகிற இடங்களில் எது கிட்டவோ அதற்குப் போங்க.

பிரைவேட்டில் நீங்கள் காசு கொடுப்பது தனி அறைக்கும், கணவரோ அம்மாவோ கூட நிற்பதற்கும், நீங்கள் தெரிவு செய்த வீஓஜிக்கும். இவை சின்ன விஷயங்கள் இல்லை. திரை இல்லாத கட்டிலில் கிடந்தவள் என்ற முறையில் அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பணம் கட்ட முன் கேளுங்க, இரவு இரண்டு மணிக்கு என் பக்கத்தில் இருப்பது மிட்வைஃப் பயிற்சி உள்ளவரா, பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள் என்று. பல இடங்களில் பதில், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம் என்பதாக இருக்கும். சாதாரணமாகப் பெற எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் என்றும் கேளுங்க. நாட்டில் சிசேரியன் பேறுகள் மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டன. தேவைக்கு வெட்டுவது உயிர் காக்கும், எனக்கும் தேவைப்பட்டிருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டேன். நாள் நட்சத்திரம் பார்த்து, அல்லது நோவுக்குப் பயந்து வெட்டச் சொல்கிற பிள்ளைகளிடம்தான் என் மன்றாட்டம். அடுத்த பேறும் அதற்கடுத்ததும் அதனால் சிக்கலாகலாம்.

துணைக்கு ஆள் நிற்பதைப் பற்றியும் முன்கூட்டியே கேட்க வேண்டும். சுகாதார அமைச்சு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆனால் நடைமுறை வாட்டுக்கு வாட்டு வேறு. திரை இல்லாத அறையில் ஆண் ஒருவரை விட முடியாது என்பார்கள், அதுவும் நியாயம்தான், பக்கத்துக் கட்டில்காரிக்கும் மானம் உண்டு. அப்படியென்றால் அம்மாவை விடலாமா என்று கேளுங்க. கேட்கக் கேட்கத்தான் திரைத்துணி வரும். ஒரு திரைக்கு எவ்வளவு செலவு? கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற எங்கள் ஊர்ச் சங்கங்கள் ஒரு லேபர் றூமுக்குத் திரை போட்டுக் கொடுக்க முடியாதா? எனக்கு இதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே, தியேட்டருக்குப் பக்கத்தில், சிக்கல் இல்லாத தாய்மாருக்கென்று மிட்வைஃப்மாரே நடத்துகிற ஒரு தனிப் பகுதி. நடமாட இடம், கூட ஒரு ஆள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு முகம். நம் மிட்வைஃப்மாருக்குத் திறமை இருக்கிறது, அதை நான் உடம்பால் அறிந்தவள். அவர்களுக்கு ஆள் தொகையும் இடமும் கொடுக்க வேண்டியது அரசாங்கம்.

கடைசியாக, பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு. சாதாரணப் பேறு என்றால் மறுநாளே துண்டு வெட்டி விட்டுவிடுவார்கள். வந்த அன்றைக்கே மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க. முதல் பத்து நாளுக்குள் இரண்டு முறை, பிறகும் வருவார். தையல், பால், பிள்ளையின் கண் மஞ்சள், தொப்புள் எல்லாம் பார்ப்பார். எங்கள் வீட்டில் அம்மாவோடு சமாதானம் பேசியதும் அவர்தான். சரக்கரைத்த கறி, பால்சுறா, முருங்கையிலை, நொச்சி இலை அவித்த தண்ணியில் குளிப்பு, எல்லாவற்றுக்கும் சரி என்றார். "தண்ணி கூடக் குடிக்கப்படாது" என்று அம்மா சொன்னபோது மட்டும் மறித்தார். "அம்மா, பால் எங்கால வரும்? குடிக்கட்டும்" என்றார், அம்மாவும் கேட்டார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். ஒரு நாள் அம்மா குசினிக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாக "நித்திர வருதா? காரணம் இல்லாம அழுகை வருதா?" என்று கேட்டார். அழுகை வந்துகொண்டுதான் இருந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

துடக்குக் கழிய 31 நாள் ஆகட்டும், அதுவரை வாசல் தாண்டப்படாது என்று வீட்டில் சொல்வார்கள். காய்ச்சல், நாற்றமடிக்கிற போக்கு, ஒரு மணித்தியாலத்துக்குள் துணி நனைந்து போகிற இரத்தம், கடுமையான தலையிடி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சு வாங்குதல், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் 31-ஐப் பார்க்க வேண்டாம். மிட்வைஃபுக்கு எடுங்க, அவர் எடுக்காவிட்டால் 1990-க்கு எடுங்க, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தப் பந்தியை மட்டும் தம்பிக்கும் உங்கட அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்க.